அழித்து வரையும் கல்வி

இல்லமும் இளைஞரும்



கல்லூரிகள் திறந்து இரண்டு மூன்று திங்கள் கடந்தபின் சில இல்லங்களில் ஒரு புதுமையான காட்சியைக் காணலாம். மருத்துவமோ பொறியியலோ பயிலும் பிள்ளை தடித்த நூல்களோடு அமர்ந்திருக்க, கட்டடக்கலையில் சேர்ந்த பிள்ளையோ தரையெல்லாம் அட்டைகளைப் பரப்பி, வெட்டுக்கத்தியும் பசையும் கையுமாக நள்ளிரவு தாண்டியும் விழித்திருக்கும். ஒரு நாள் தாள் நிறையக் கோடுகள், மறுநாள் வட்டங்கள், அதற்கும் மறுநாள் ஒரு கனசதுரத்தை அறுத்துப் பிரித்த துண்டுகள். "வீடு கட்டப் படிக்கப் போன பிள்ளை பாலர் பள்ளிக் கைவேலை செய்துகொண்டிருக்கிறதே!" என்று தாய் வியக்கிறார். கட்டணம் செலுத்திய தந்தையோ வியப்போடு நிற்பதில்லை.

இதனினும் பெரிய துன்பம் ஒன்றுண்டு. அவ்வாறு இரவெல்லாம் விழித்துச் செய்த வேலையை ஆசிரியர் ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, "மீண்டும் செய்து வா" என்று சொல்லிவிடுகிறார். பன்னிரண்டாம் வகுப்பு வரை நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் வாங்கியே பழகிய பிள்ளை, தன் உழைப்பு ஏற்கப்படாமல் திரும்பி வருவதை வாழ்வில் முதன்முறையாகக் காண்கிறது. "எனக்கு இந்தப் படிப்பு வராது; நின்றுவிடுகிறேன்" என்று அழுகிறது. அந்த வேளையில் இல்லத்தார் சொல்லும் ஒரு சொல் பிள்ளையைத் தாங்கவும் கூடும், தள்ளிவிடவும் கூடும். ஆதலின் அந்த முதலாண்டில் உண்மையாகவே கற்பிக்கப்படுவது யாது என்பதைப் பெற்றோர் அறிந்திருத்தல் நலம்.

கோட்டில் தொடங்கும் பாடம்

நம் நாட்டில் கட்டடக்கலைப் பட்டப்படிப்பு ஐந்தாண்டுகள் கொண்டது. 1972ஆம் ஆண்டின் கட்டடக்கலைஞர் சட்டப்படி, உரிய கல்வி முடித்துப் பதிவு செய்துகொண்டவரே தம்மைக் கட்டடக்கலைஞர் என்று சொல்லிக்கொள்ளலாம். கட்டடம் உறுதியாக நிற்குமா என்பதைக் கணக்கிட்டுச் சொல்பவர் பொறியாளர். அதனுள் வாழப்போகும் மனிதர் எவ்வழியே நுழைவர், எங்கே அமர்வர், வெளிச்சமும் காற்றும் அவர்களை எவ்வாறு வந்தடையும் என்பனவற்றைச் சிந்தித்து வடிவம் கொடுப்பவர் கட்டடக்கலைஞர். இவ்விருவர் பணியும் ஒன்றையொன்று சார்ந்தே நிற்கும்.

ஐந்தாண்டுகளுக்கும் அடித்தளம் முதலாண்டில் வைக்கப்படும் 'அடிப்படை வடிவமைப்பு' என்னும் பாடமாகும். இதில் மாணவர் வீடு எதனையும் வடிவமைப்பதில்லை. கோடு போடுகிறார். கோடு போடுவதில் கற்பதற்கு என்ன இருக்கிறது என்று எண்ண வேண்டா. கடினமான எச் பென்சில் மெல்லிய கோடு தரும். மென்மையான பி பென்சில் கருமையான கோடு தரும். கோடு இழுக்கும்போதே பென்சிலை விரல்களிடையே மெல்லச் சுழற்றினால்தான் முனை ஒரே பக்கமாகத் தேயாது; கோடும் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே தடிப்பாக இருக்கும். வரைபடத்தில் வெட்டுப்பட்ட சுவரைத் தடித்த கோட்டாலும், அதற்கப்பால் தெரிவதை மெல்லிய கோட்டாலும் காட்டுவது மரபு. கொத்தனாரும் பொறியாளரும் வரைபடத்தைப் படித்தே வேலை செய்வர். கோடு தவறினால் சுவர் தவறும்.

அடுத்தது அளவு. 1:50 என்னும் விகிதத்தில் வரைந்தால், பத்தடிக்குப் பன்னிரண்டடி கொண்ட அறை தாளில் 6.1 செ.மீ.க்கு 7.3 செ.மீ. ஆகிவிடும். தாளிலுள்ள அந்தச் சிறு கட்டத்தைக் கண்டவுடன், "இதில் ஒரு கட்டில் போட்டால் நடப்பதற்கு எவ்வளவு இடம் மிஞ்சும்?" என்று மனத்துள் காணப் பழக வேண்டும். பின்னர் வருபவை தள வரைபடமும் குறுக்குவெட்டும். கட்டடத்தை ஏறத்தாழ இடுப்புயரத்தில் கிடையாக வெட்டி மேலிருந்து நோக்குவது முன்னது. பப்பாளிப் பழத்தை நெடுக அறுத்து உள்ளே பார்ப்பது போல் செங்குத்தாக வெட்டிப் பார்ப்பது பின்னது. கண்ணால் நேரில் காண முடியாத இவ்விரண்டையும் கற்பனையில் காணும் திறன் ஓரிரவில் வந்துவிடாது.

கனசதுரத்தை அறுப்பதன் நோக்கமும் இதுவே. நாம் குடியிருப்பது சுவருக்குள் அன்று. சுவர்களுக்கு இடைப்பட்ட வெற்றிடத்தில். அந்த வெற்றிடமே கட்டடக்கலைஞர் உண்மையில் வடிவமைக்கும் பொருள். பருப்பொருளை வெட்டி எடுத்தபின் எஞ்சும் வெற்றிடத்தின் வடிவம் எத்தகையது என்று கையாலே உணர்வதற்கு அந்த அட்டைத் துண்டுகள் உதவுகின்றன.

கண்ணாடிச் சில்லு பொறுக்கிய மாணவர்

இப்பயிற்சிகள் நேற்று முளைத்தவை அல்ல. 1919ஆம் ஆண்டில் ஜெர்மனி நாட்டின் வைமார் நகரில் வால்டர் குரோபியஸ் என்னும் கட்டடக்கலைஞர் 'பௌஹவுஸ்' என்ற கலைப்பள்ளியைத் தொடங்கினார். அங்கு வந்த மாணவர் எவராயினும் முதலில் அடிப்படைப் பயிற்சி பெறவேண்டும் என்ற முறையை வகுத்து நடத்தியவர் ஜோகன்னஸ் இட்டன் என்னும் ஓவிய ஆசிரியர். வடிவம், நிறம், ஒளி நிழல், மரம், துணி, கல் ஆகியவற்றின் இயல்பைக் கண்ணாலும் கையாலும் அறிந்த பிறகே மாணவர் பணிமனைக்குள் அனுமதிக்கப்பட்டனர். இன்று உலகெங்கும் கட்டடக்கலைக் கல்லூரிகளில் நடைபெறும் முதலாண்டுப் பயிற்சிகளில் அம்முறையின் சாயல் உண்டு.

அப்பள்ளியில் பயின்று பின்னர் அங்கேயே ஆசிரியரானவர் ஜோசப் ஆல்பர்ஸ். கத்தோலிக்கக் குடும்பத்தில், சூசையப்பர் திருநாளாகிய மார்ச்சு 19ஆம் நாள், 1888ஆம் ஆண்டில் பிறந்தவர். தந்தையார் வீடுகளுக்கு வண்ணம் பூசும் கைவினைஞர். ஆல்பர்ஸ் பள்ளி ஆசிரியராகப் பல ஆண்டுகள் பணியாற்றியவர். தம் ஊராகிய போட்ரோப்பில் புனித மிக்கேல் ஆலயத்துக்கு வண்ணக் கண்ணாடிச் சாளரமும் செய்தளித்தவர். அத்தகையவர் 1920இல், தமது முப்பத்திரண்டாம் வயதில், இளைஞரோடு இளைஞராகப் புதிய பள்ளியில் மாணவராகச் சேர்ந்து அடிப்படைப் பயிற்சியிலிருந்து தொடங்கினார். பொருள் வாங்கப் பணமில்லை. சுத்தியலும் தோள்பையுமாக நகரத்துக் குப்பைமேட்டுக்குச் சென்று, உடைந்த புட்டிச் சில்லுகளைப் பொறுக்கி வந்து, அவற்றை இணைத்து ஒளி ஊடுருவும் கண்ணாடி ஓவியங்களைப் படைத்தார்.

பின்னர் ஆசிரியரானபோது தம் மாணவர்க்கு அவர் கொடுத்த புகழ்மிக்க பயிற்சி எளிய காகிதத்தைக் கொண்டதாகும். கழிவு மிகாமல், கருவியும் இயன்ற வரை குறைவாகக் கொண்டு, அக்காகிதத்தால் என்ன இயலும் என்று கண்டறிய வேண்டும். தட்டையாகக் கிடக்கும்போது துவளும் தாளே மடிப்பு ஏற்றவுடன் நிமிர்ந்து நிற்கிறது, பாரமும் தாங்குகிறது. வலிமை பொருளின் தடிப்பில் மட்டும் இல்லை, அதன் வடிவத்திலும் இருக்கிறது என்னும் உண்மையை மாணவர் கையாலேயே கண்டுகொண்டனர். பள்ளி நாஜிகளின் நெருக்குதலால் 1933இல் மூடப்பட்டது. ஆல்பர்ஸ் அமெரிக்கா சென்று, நெடுங்காலம் அக்கல்வியைத் தொடர்ந்து அளித்தார்.

உங்கள் பிள்ளை மாலையில் அமர்ந்து காகிதம் மடித்துக்கொண்டிருப்பதைக் காணும்போது இதனை நினைவுகூருங்கள். அது விளையாட்டு அன்று. கூரை எவ்வாறு நிற்கிறது என்பதன் அரிச்சுவடி அது.

மீண்டும் செய் என்பதன் பொருள்

'ஸ்டுடியோ' எனப்படும் வரைகூட வகுப்பில் மாணவர் தம் வேலையைச் சுவரில் மாட்டி, மேசைமேல் மாதிரியை வைத்து, ஆசிரியரும் சக மாணவரும் கேட்கும் வினாக்களுக்கு விடை சொல்ல வேண்டும். ஏனைய பாடங்களில் விடைத்தாளை ஆசிரியர் தனியே திருத்துகிறார். குறை அவருக்கும் மாணவருக்கும் மட்டுமே தெரியும். இங்கோ எல்லாரும் காணக் குறை சொல்லப்படுகிறது. மேலும், கணக்கில் ஒரே விடைதான் உண்டு. வடிவமைப்பில் சரியான விடைகள் பலவாகலாம். ஆகவே "எது சரி என்று சொல்லாமலே தவறு என்கிறார்களே" என்று பிள்ளை குழம்புகிறது. வேலையைக் குறை கூறினால் தன்னையே குறை கூறியதாக எண்ணி மனம் உடைகிறது.

எரேமியா இறைவாக்கினரை ஆண்டவர் ஒரு குயவன் வீட்டுக்கு அனுப்பிய நிகழ்ச்சி நமக்குத் தெரியும். குயவன் வனைந்த கலம் அவன் கையிலேயே கெட்டுப்போயிற்று. அவன் மண்ணை எறிந்துவிடவில்லை; அதே மண்ணை எடுத்து வேறொரு கலமாக வனைந்தான். இஸ்ராயேல் மக்களுக்கு உரைக்கப்பட்ட அந்த இறைவாக்கு, வரைகூட மாணவனுக்கும் ஒரு பாடம் வைத்திருக்கிறது. கெட்டது கலமே, மண் அன்று. திருத்தப்படுவது வேலையே; செய்தவர் அல்லர். "மீண்டும் செய்" என்று சொல்லும் ஆசிரியர், மீண்டும் செய்ய இயலும் என்று நம்புவதால்தான் அவ்வாறு சொல்கிறார்.

பெரும் புகழ் பெற்ற கலைஞரும் இவ்வழியே நடந்தவர்தாம். ஸ்பெயின் நாட்டுப் பார்சலோனா நகரின் திருக்குடும்ப ஆலயத்தை எழுப்பும் பணிக்குத் தம் வாழ்வை ஈந்த அந்தோனி கௌதியை நாம் அறிவோம். அவரை வணக்கத்துக்குரியவர் என அறிவிக்க 2025 ஏப்ரலில் திருத்தந்தை பிரான்சிஸ் இசைவளித்தார். அந்நகருக்கு அருகிலுள்ள ஒரு தொழிலாளர் குடியிருப்பில் ஆலயம் கட்டும் பொறுப்பு 1898இல் கௌதியிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் உடனே கடைக்கால் தோண்டவில்லை. கூரையிலிருந்து கயிறுகளைத் தொங்கவிட்டு, அவற்றில் ஈயக் குண்டுகள் நிறைந்த சிறு பைகளைக் கட்டினார். பாரத்தால் கயிறுகள் தாமாகவே வளைந்து நின்றன. அவ்வளைவைத் தலைகீழாக்கினால், செங்கல்லும் கல்லும் தாங்கக்கூடிய வளைவின் வடிவம் கிடைக்கும். பைகளை மாற்றி, கயிற்றைக் கூட்டிக் குறைத்து, இம்மாதிரியில் ஏறத்தாழப் பத்தாண்டுகள் அவர் செலவிட்டார். 1908இல்தான் கட்டுமானம் தொடங்கிற்று. 1914இல் அதுவும் நின்றுவிட, கீழ்த்தள ஆலயம் மட்டுமே நிறைவுற்றது. எனினும் அக்கயிறுகளில் கற்றதைத் திருக்குடும்ப ஆலயத்தின் வடிவமைப்பிலும் அவர் பயன்படுத்தினார். வீணாயிற்று என்று தோன்றிய உழைப்பு வீணாகவில்லை.

கோபுரம் கட்ட நினைப்பவன் முதலில் உட்கார்ந்து கணக்குப் பார்ப்பான் என்று ஆண்டவர் சொன்ன உவமையை லூக்கா நற்செய்தியில் வாசிக்கிறோம். தாளில் அழிப்பதற்கு ரப்பர் போதும். கட்டிய சுவரை இடிப்பதற்கோ ஒரு குடும்பத்தின் சேமிப்பு முழுவதும் வேண்டும். முதலாண்டில் பிள்ளை அழித்து வரையப் பழகுவது, நாளை பிறர் பணம் அழியாமல் காப்பதற்கே.

யாருக்காக வரைகிறோம்?

கோடும் அளவும் பழகியபின் மாணவர் கற்கும் பாடம் மனித உடலின் அளவு. நாற்காலியின் உயரம், கதவின் அகலம், அடுப்பு மேடையின் மட்டம் ஆகிய யாவும் உடலிலிருந்தே தொடங்குகின்றன. படிக்கட்டுக்கு ஒரு பழைய விதி உண்டு: இரண்டு படிகளின் உயரத்தையும் ஒரு படியின் அகலத்தையும் கூட்டினால் ஏறத்தாழ 60 செ.மீ., அதாவது மனிதர் எடுத்து வைக்கும் ஓர் எட்டு, வரவேண்டும். 15 செ.மீ. உயரமும் 30 செ.மீ. அகலமும் உள்ள படி இவ்விதிக்குப் பொருந்தும். இடத்தை மிச்சப்படுத்த உயரத்தை 20 செ.மீ. ஆக்கினால் வரைபடத்தில் வேறுபாடு தெரியாது. பாட்டியின் முழங்காலில் தெரியும்.

நம் பங்கு ஆலயங்களையே எடுத்துக்கொள்வோம். வாசல் தரைமட்டத்தினும் ஒன்றரை அடி உயர்ந்திருந்தால், சக்கர நாற்காலியில் வருவோர்க்குச் சரிவுப்பாதை தேவை. ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் என்பது பொதுவான கணக்கு. ஆக, பதினெட்டு அடி நீளம் வேண்டும். ஆலயம் கட்டி முடித்தபின் அந்தப் பதினெட்டு அடியை எங்கே தேடுவது? முதற்கோடு போடும்போதே அம்மனிதரை நினைத்திருக்க வேண்டும். ஆலயங்கள் எழுப்பப்படும்போது அவை வழிபாட்டை நிகழ்த்துவதற்கும் இறைமக்கள் முழுமையாகப் பங்குபெறுவதற்கும் ஏற்றனவாக அமைய வேண்டும் என்று, 1963 டிசம்பர் 4ஆம் நாள் வெளியான திருவழிபாடு பற்றிய கொள்கைத்திரட்டில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் கேட்டுக்கொண்டது. தூணுக்குப் பின்னால் அமர்ந்து பீடத்தைக் காண இயலாத மூதாட்டி, அக்கொள்கையை எந்த வரைபடக்காரர் மறந்தார் என்பதை நமக்குச் சொல்லாமல் சொல்கிறார்.

கேரளத்தில் வாழ்ந்து 2007இல் மறைந்த லாரி பேக்கர், இங்கிலாந்தில் பிறந்து 1945இல் இந்தியா வந்தவர். குவேக்கர் சபையைச் சார்ந்தவர். திருவனந்தபுரத்தில் இயேசு சபையாரின் லயோலா சிற்றாலயத்தையும் அவர் வடிவமைத்தார். எளியோர் வீடுகளுக்கு அவர் பரப்பிய 'எலிப்பொறிக் கட்டு' என்னும் முறையில் செங்கற்களைப் பக்கவாட்டில் நிறுத்திக் கட்டுவர். சுவருக்குள் இடைவெளி விழும். செங்கல்லில் ஏறத்தாழக் கால்பங்கு மிச்சமாகும். வெப்பமும் எளிதில் உள்ளே வராது. பொருளின் இயல்பை அறிதல், வீணாக்காமை, வாழ்பவரை எண்ணுதல் என்னும் முதலாண்டுப் பாடங்கள் யாவும் அந்த ஒரு சுவரில் அடங்கியிருக்கின்றன.

கேட்ட மாத்திரத்தில் அழகிய மாளிகையின் படத்தைக் கணினி தீட்டித் தரும் காலம் இது. பின்னர் மாணவரும் கணினியிலேயே வரைவர், அதில் தவறில்லை. ஆயினும் அந்தப் படத்திலுள்ள படியில் பாட்டியால் ஏற முடியுமா என்று கேட்கத் தெரிந்த கண் வேண்டுமே! அக்கண்ணைத் திறப்பதற்கே கை முதலில் பழக்கப்படுகிறது.

இல்லத்தாருக்குச் சில சொற்கள்

பெற்றோரே, "அடுத்த வீட்டுப் பிள்ளை பொறியியலில் எவ்வளவு மதிப்பெண்?" என்று ஒப்பிடாதீர்கள். "இன்று என்ன செய்தாய்? ஏன் அப்படிச் செய்தாய்?" என்று கேளுங்கள். உங்களுக்கு விளங்கும்படி சொல்லப் பழகினாலே வகுப்பில் பேசும் துணிவு பிள்ளைக்கு வந்துவிடும். அட்டைக்கும் தாளுக்கும் செலவு மிகுகிறது என்பது மெய்யே. ஆயின் பயிற்சி மாதிரிக்குப் பழைய நாட்காட்டியும் திருமண அழைப்பிதழும் கடைகளில் ஒதுக்கும் பெட்டி அட்டையும் போதும். குப்பைமேட்டுச் சில்லுகளில் பயின்ற ஆல்பர்ஸை நினையுங்கள். வீடு ஒற்றை அறையாயின் பங்குத்தந்தையரை அணுகுங்கள். பங்கு மண்டபத்தில் மாலை வேளையில் ஒரு மேசையும் ஒரு விளக்கும் ஒதுக்கித் தருவது சிறந்த கல்விப் பணியாகும்.

மாணவச் செல்வங்களே, பெரிய மாதிரி ஒன்றைக் கடைசி இரவில் செய்யாமல், உள்ளங்கையளவில் மூன்று மாதிரிகளை முன்கூட்டியே செய்து பாருங்கள். தூக்கக் கலக்கத்தில் வெட்டுக்கத்தியைத் தொடாதீர்கள். வெட்டும்போது உலோக அளவுகோலையே பயன்படுத்துங்கள். கூலி கொடுத்துப் பிறரிடம் செய்வித்த மாதிரியைத் தம்முடையதாகக் காட்டுவோர் உண்டு. அவர்கள் ஆசிரியரை ஏமாற்றுவதாக எண்ணித் தம் கையையே ஏமாற்றுகின்றனர். ஒரு சிறு குறிப்பேடும் அளவு நாடாவும் எப்போதும் உடன் இருக்கட்டும். ஞாயிறு திருப்பலி முடிந்தபின் கால்மணி நேரம் உங்கள் ஆலயத்தில் தங்கி, ஒரு சாளரத்தையோ ஒரு தூணையோ அளந்து வரையுங்கள்.

ஆசிரியப் பெருமக்களுக்கும் ஒரு வேண்டுகோள். கண்டிப்பு வேறு, அவமதிப்பு வேறு. வேலையின் குறையைக் காட்டும்போது, அதில் நன்றாயிருக்கும் ஒன்றையும் சுட்டிக்காட்டினால், மாணவர் மறுநாள் அங்கிருந்து தொடங்குவார். எல்லார் முன்னிலையிலும் மாதிரியைப் பிய்த்தெறிவதால் எவரும் வடிவமைப்புக் கற்றதில்லை.

நன்கு முயன்ற பின்னும் ஒரு பிள்ளைக்கு இக்கல்வியில் மகிழ்ச்சியே தோன்றவில்லை எனில், வேறு துறையை நாடுவது இழுக்கு அன்று. ஊணும் உறக்கமும் ஒழிந்து, எவரோடும் பேசாமல் ஒடுங்கிவிட்டால் மருத்துவரைக் காணத் தயங்க வேண்டா. எந்தப் பட்டத்தினும் பிள்ளை பெரிது. ஆனால் முதல் மூன்று திங்களின் கண்ணீரைக் கொண்டே முடிவு செய்துவிடாதீர்கள். பெரும்பாலும் அது ஆற்றலின்மையின் அடையாளம் அன்று. புதியதொரு மொழியைப் பேசத் தொடங்கியவரின் திக்கல்.

ஆகவே இன்றிரவு உங்கள் பிள்ளை, திருத்தச் சொல்லி அனுப்பப்பட்ட தாளோடு வந்து நின்றால், அதை வாங்கிப் பாருங்கள். பிள்ளையோடு சேர்ந்து மேசையை ஒதுக்கிக் கொடுத்து, புதுத்தாள் ஒன்றை விரிக்க உதவுங்கள்.